பாறைக்கு என்ன நிறம்? ஓர் ஓவிய நோட்டின் ஒன்றரை வருடம்

ஸ்ரீரங்கம் கரையில் காவிரிப் படித்துறை ஒன்றில் தெற்கே பார்த்து உட்கார்ந்தால், அக்கரையில் வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் மேலே மலைக்கோட்டை எழுந்து நிற்கும். 83 மீட்டர் உயரப் பாறை, உச்சியில் பிள்ளையார். ஆறு வருடமாக அதை வாட்டர் கலரில் வரைந்துவருகிறேன். வானம் வந்துவிடும், தண்ணீர் வந்துவிடும், பாறை மட்டும் வராது. சில நாள் களிமண் உருண்டை, சில நாள் ஊதா மேகம். எப்போதாவது ஒரு நாள் அப்படியே வந்து உட்காரும். அன்றைக்கு என்ன செய்தேன் என்பது அடுத்த முறை தூரிகையை எடுக்கும்போது நினைவில் இருக்காது.

ஓர் ஆனி மாத மாலையில் அப்படி ஒரு படம் வந்தது. ஆறு மாதம் கழித்து மார்கழியில், அதே படித்துறையில், அதே ஐந்தேகால் மணிக்கு, அதே டியூப்களோடு உட்கார்ந்து ஐந்து தாள்களைக் கெடுத்தேன். ஆனி மாதப் படத்தைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அதில் பாறையின் வலது தோளில் வெதுவெதுப்பான ஒரு சாம்பல் நிறம் இருந்தது. எதோடு எதைக் கலந்தேன்? தாள் நனைந்திருந்ததா, காய்ந்திருந்ததா? படத்தைத் திருப்பினால் கையெழுத்து மட்டும்தான். தேதிகூடப் போடவில்லை. அன்று ராத்திரி முடிவு செய்தேன், இனி ஒவ்வொரு படத்துக்கும் எழுத்தில் கணக்கு இருக்க வேண்டும் என்று.

முதல் நோட்டைக் கடையில் வாங்கினேன். அழகான அட்டை, மெல்லிய தாள். தண்ணீர் நிறையக் கலந்த நிறத்தை ஒரே பரப்பாகப் பூசும் வாஷ் ஒன்றைப் போட்டதும் தாள் அப்பளம் போல் நெளிந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பக்கங்களை அலங்கரிக்கத் தொடங்கிவிட்டேன். ஓரத்தில் கோலம், தலைப்புக்குத் தனி எழுத்து, காய்ந்த வேப்பிலை ஒட்டல். இரண்டு மாதத்தில் முப்பது பக்கம் நிரம்பியது, அதே இரண்டு மாதத்தில் முழுத்தாளில் வரைந்தது ஒரே ஒரு படம். நோட்டை அழகுபடுத்துவதையே கலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அது நல்ல கலைதான். எனக்கு வேண்டியிருந்தது பட்டறை நோட்டு. மெக்கானிக் ஷெட்டில் எண்ணெய்க் கறையோடு தொங்குமே, அந்த மாதிரி.

இன்னொன்றும் புரிந்தது. நான் படம் வரைவது 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த பருத்தித் தாளில். மெல்லிய நோட்டுத் தாளில் கலந்து பார்த்த நிறம் பருத்தித் தாளுக்குப் போனால் வேறாகக் காய்கிறது. வாட்டர் கலர் காயும்போது எப்படியும் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கும் என்பதைத் தாளும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஆகவே நோட்டின் தாளும் படத்தின் தாளும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி ஒரு நோட்டு நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை. நானே தைத்தேன்.

பருத்தித் தாளின் முழு அளவு 22 அங்குலத்துக்கு 30. நீளத்தை நான்காகவும் அகலத்தை இரண்டாகவும் பிரித்தால் ஏழரைக்குப் பதினொன்று அளவில் எட்டுத் துண்டு. ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் ஐந்தரைக்கு ஏழரை. ஒரு முழுத்தாளில் 32 பக்கம் வரும். இரண்டு தாள் எடுத்துக்கொண்டேன். கத்தரியோ பிளேடோ வேண்டாம். மடித்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, எதிர்ப்பக்கமும் மடித்துத் தேய்த்து, மூன்று நான்கு முறைக்குப் பிறகு எஃகு ஸ்கேலை வைத்துக் கிழித்தால் ஓரம் பஞ்சு போல் மென்மையாக வரும். மடித்த துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஒரு கட்டு. இந்தத் தடிமனில் ஒரு கட்டுக்கு இரண்டு துண்டுக்கு மேல் செருகாதீர்கள். முதல் தடவை நான்கு செருகினேன், மடிப்பு உருண்டுபோய் நோட்டு வாயைத் திறந்தபடியே இருந்தது.

தையலுக்கு மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு பைண்டிங் கடைக்குப் போனேன். கல்லூரி ரெக்கார்டு நோட்டுகளும் கணக்குப் பேரேடுகளும் தைக்கிற பெரியவர். நான் கொண்டுபோன தாளை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார்.

"இது துணி மாதிரி இருக்கே தம்பி. இதுல என்ன எழுதப்போறீங்க?"

"படம் போடறதுக்கு பாய். நோட்டை விரிச்சா தட்டையா கிடக்கணும்."

"அப்போ முதுகுல பசையே வேணாம். சங்கிலித் தையல் போடுங்க, தையலே தாங்கிக்கும். நூலை இழுத்து முறுக்கக் கூடாது, தொளதொளன்னும் விடக் கூடாது. ஒவ்வொரு கட்டு முடிஞ்சதும் மடிப்பு இருக்கிற திசையிலயே இழுங்க. மேல தூக்கி இழுத்தீங்க, தாள் கிழிஞ்சிரும்."

அவர் மேஜையிலேயே உட்கார வைத்து இரண்டு கட்டு தைத்துக் காட்டினார். மடிப்பில் குத்தூசியால் ஐந்து துளை. செருப்புத் தைக்கிற நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு முறை இழுத்து எடுத்தால் முடிச்சு வழுக்காது. கீழே இருக்கிற கட்டின் தையலுக்குப் பின்னால் ஊசியை நுழைத்து எடுக்கும்போது முதுகில் சடை பின்னியது போல் வரி விழும். அட்டைக்கு ஸ்ட்ரா போர்டு, மேலே காலிகோ துணி. மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடச் சொன்னார். அது விஷம். பாத்திரத்தைச் சமையலறைக்குள் திரும்ப விடக் கூடாது. ஓவியத் தாளில் அந்தப் பசை படாமல் பார்த்துக்கொண்டேன், அட்டைக்கு மட்டும்தான்.

இன்னொரு யோசனையும் அவருடையதுதான். சோதனைத் துண்டுகளை உள்ளே ஒட்டப்போகிறேன் என்றதும், "அப்படின்னா நோட்டு வயிறு உப்பிரும்" என்றார். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை அகலத்துக்குக் காகிதத் துண்டைச் சேர்த்துத் தைத்தால் முதுகு முன்கூட்டியே தடித்து நிற்கும், பிறகு எதை ஒட்டினாலும் அட்டை சமமாக மூடும். பேரேட்டில் ரசீது ஒட்டுகிறவர்களுக்கு அப்படித்தான் செய்து கொடுப்பாராம். என் மூன்றாவது நோட்டு இப்போது கையில் இருக்கிறது. நிறைய ஒட்டியிருக்கிறேன், அட்டை இன்னும் நேராகத்தான் மூடுகிறது.

எழுதுகிற முறை ஒரே நாளில் அமையவில்லை. இப்போது நிலைத்திருப்பது இது. இடப்பக்கம் தீப்பெட்டி அளவுக்குப் பென்சில் கட்டம், அதில் முழுப்படத்தின் அமைப்பு. வலப்பக்கம் கலவைகள். ஒவ்வொரு கலவைக்கும் மூன்று கட்டம்: கெட்டியாக, பாதித் தண்ணீரில், நிறையத் தண்ணீரில். தலைப்பில் தேதி, மணி, எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தேன், வெயிலா மேகமா. படம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் கீழே மூன்று வரி. எது நின்றது, எது கெட்டது, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும். மறுநாள் எழுதலாம் என்று விட்ட பக்கங்களில் எல்லாம் "நன்றாக வந்தது" என்பது போன்ற பயனற்ற வரிகளே இருக்கின்றன. படத்தின் பின்னால் நோட்டு எண்ணும் பக்க எண்ணும் போடுகிறேன். கட்டிலுக்கு அடியிலிருந்து எந்தப் படத்தை உருவினாலும் அதன் கதை எந்தப் பக்கத்தில் என்று தெரிந்துவிடும். நோட்டின் பயனில் பாதி இந்தச் சின்ன எண்ணில் இருக்கிறது.

நிறத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பின் பெயரில் ஒரு கம்பெனி டியூபில் பி.பி.ஆர்.7 என்ற எண்ணுள்ள நிறமி இருக்கும், இன்னொன்றில் பி.ஆர்.101 இருக்கும். முன்னது இயற்கை மண், பின்னது பெரும்பாலும் செயற்கை இரும்பு ஆக்சைடு. இரண்டையும் அல்ட்ராமரைன் நீலத்தோடு கலந்து ஒரே பக்கத்தில் அருகருகே பூசினேன். என்னிடமிருந்த டியூப்களில் முதல் கலவை அமைதியான சாம்பலாகக் காய்ந்தது, இரண்டாவது செங்கல் சாயலோடு. டியூபின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் இந்த எண்ணைப் படிக்கத் தொடங்கியதும் என் பெட்டியில் பதினெட்டு நிறம் பதினொன்றாகக் குறைந்தது. சாப் கிரீன் போன்றவை பெரும்பாலும் கம்பெனியே கலந்து கொடுப்பவை, நாமே கலந்துகொள்ளலாம்.

வெயில் சோதனைக்குத் தனியாக நான்கு பக்கம் ஒதுக்கினேன். ஒவ்வொரு நிறத்தையும் நீளப் பட்டையாகப் பூசி இரண்டாக நறுக்கி, ஒரு பாதியை நோட்டுக்குள் இருட்டில் ஒட்டிவிட்டு, மறுபாதியைத் தெற்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். மாசிக் கடைசியில் ஒட்டியதை ஆனித் தொடக்கத்தில் உரித்து நோட்டில் இருந்த ஜோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. அல்ட்ராமரைன், மண் மஞ்சளான ஓக்கர், மண் சிவப்பான லைட் ரெட் மூன்றும் அப்படியே இருந்தன. அலிசரின் கிரிம்சன் கெட்டியாகப் பூசிய இடத்தில் மங்கியிருந்தது, மெல்லியதாகப் பூசிய இடத்தில் நீர்த்துப்போன ரோஸ் மில்க் நிறம். எண் பி.ஆர்.83. வெளிச்சம் தாங்காத நிறம் என்று படித்திருந்தேன், ஆனால் திருச்சி வெயிலில் கண்ணால் பார்த்த பிறகுதான் அது உறைத்தது. அந்தச் சிவப்பைப் போட்டு இரண்டு படங்கள் விற்றிருக்கிறேன். வாங்கியவர்கள் இருவருக்கும் போன் செய்து, நேர் வெளிச்சம் படாத சுவருக்கு மாற்றிவிடுங்கள் என்று சொன்னேன். இப்போது அந்த இடத்தில் குவினாக்ரிடோன் வகைச் சிவப்பு, பி.வி.19.

வான்கோவின் படுக்கையறை ஓவியத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். 1888-இல் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் சுவர்கள் வெளிர் ஊதா என்று எழுதியிருக்கிறார். இன்று படத்தில் இருப்பது நீலச் சுவர். கலவையில் இருந்த சிவப்பு வெளுத்துப்போய் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவர் என்ன நிறம் வைத்தார் என்பதற்கு அந்தக் கடிதமும் ஒரு சாட்சி. என் நோட்டின் இருட்டுப் பாதிப் பட்டைகளை ஒட்டும்போதெல்லாம் அந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்வேன்.

காயும் நேரம் பற்றிய பக்கங்களைத் தொடங்கும்போது அவ்வளவு நம்பிக்கை இல்லை. உள்ளங்கை அகல வாஷ் ஒன்றைப் போட்டு, பளபளப்பு அடங்க எத்தனை நிமிடம் என்று குறிப்பதுதான் வேலை. சித்திரையில் மாலை ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம். ஐப்பசியில் மழை ஓய்ந்த ஒரு மாலையில் பதினொன்று. வானம் போட்டுவிட்டு அதன் ஈரத்திலேயே தென்னை ஓலையைக் கரைய விடுவது என் வழக்கம். சித்திரையில் ஓலைகள் கத்தி வெட்டாக நின்றதும், ஐப்பசியில் ஈரம் பின்வாங்கிப் பூப்பூவாகக் கறை விழுந்ததும் கைப்பழக்கத்தின் குறை என்றே வருடக்கணக்கில் நினைத்திருந்தேன். இப்போது உட்கார்ந்ததும் ஓரத் துண்டில் ஒரு வாஷ் போட்டு நிமிடம் பார்க்கிறேன். இரண்டு என்றால் தாளின் பின்பக்கத்தையும் நனைத்துக்கொள்கிறேன். எட்டுக்கு மேல் என்றால் தூரிகையைத் துணியில் நன்றாக ஒற்றிவிட்டுத்தான் தாளைத் தொடுகிறேன்.

இனி பாறை.

நோட்டு தொடங்கிய முதல் வருடத்தில் மலைக்கோட்டைக்கு மட்டும் 41 பதிவு சேர்ந்தது. பாதி வெறும் பென்சில் கோடும் சொற்களும்தான். நேரமில்லாத நாட்களில் கோட்டின் மேலேயே "இங்கே புளி நிறம்", "இங்கே வானத்தை விட ஒரு படி கருப்பு" என்று எழுதிவிடுவேன். பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா 1832-இல் மொராக்கோ போனபோது நோட்டுகளில் இப்படித்தான் கோட்டுச் சித்திரத்தோடு நிறங்களை எழுத்தில் குறித்துக்கொண்டார். பாரிஸ் திரும்பிய பின் 1863-இல் இறக்கும்வரை அந்தப் பயணத்திலிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன. எழுத்து போதும் என்ற தைரியம் எனக்கு அதில் கிடைத்தது.

இரண்டாம் மார்கழி வந்தது. மீண்டும் பாறை களிமண். இந்த முறை தாளைக் கெடுப்பதை நிறுத்திவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுகளைத் தரையில் விரித்து, தெற்கே பார்த்து மாலையில் எழுதிய பக்கங்களை மட்டும் தேதிவாரியாகப் படித்தேன். வைகாசி, ஆனி, ஆடிப் பக்கங்களில் "வலது தோளில் வெயில்" என்று திரும்பத் திரும்ப இருந்தது. ஐப்பசிக்குப் பிறகு அந்தச் சொற்கள் ஒரு பக்கத்தில்கூட இல்லை. கார்த்திகை, மார்கழியில் "முழுக்க நிழல்", "பின்னால் வானம் கண் கூசுகிறது".

உத்தராயணம், தட்சிணாயணம் என்று பஞ்சாங்கம் படிக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். ஆனாலும் அதைப் படித்துறையில் பொருத்திப் பார்த்ததில்லை. ஆனியில் சூரியன் வடமேற்கில் இறங்குகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து நாம் பார்ப்பது பாறையின் வடமுகம், அதன் வலது தோளை மாலை வெயில் சாய்வாகத் தொடும். மார்கழியில் சூரியன் தென்மேற்கில், பாறைக்கு அந்தப் பக்கமாக இறங்குகிறது. நம் பக்கம் பார்க்கும் பாறை முகம் முழுக்க நிழல். போதாக்குறைக்கு ஆனியில் சூரியன் மறைய ஆறரை மணி தாண்டும், மார்கழியில் ஆறு மணியை ஒட்டி இருட்டத் தொடங்கிவிடும். அதே ஐந்தேகால் மணி என்று நான் பிடிவாதமாக உட்கார்ந்தது வேறொரு வெளிச்சத்தில். ஆனி மாதத்து வெதுவெதுப்பான சாம்பல் அங்கே இல்லவே இல்லை. இல்லாத நிறத்தைத்தான் ஐந்து தாளிலும் தேடியிருக்கிறேன்.

சரி, மார்கழியில் என்ன நிறம்? அதற்கு ஒரு கருவி செய்தேன். இரண்டு விரல் அகலப் பருத்தித் தாள் பட்டையில் வெள்ளையிலிருந்து கருப்பு வரை ஒன்பது படி சாம்பல் பூசி, ஒவ்வொரு படியின் நடுவிலும் ஆபீஸ் பஞ்சிங் மெஷினால் ஒரு துளை. கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துளை வழியாகப் பாறையைப் பார்க்க வேண்டும். துளைக்குள் தெரிவதும் சுற்றியுள்ள சாம்பலும் ஒன்றாகக் கலந்துவிடுகிற படிதான் அதன் டோன், அதாவது எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கருப்பு என்ற அளவு. கருப்பு என்று நான் சத்தியம் செய்திருப்பேன், எட்டாவது படியில் தொடங்கினேன். துளைக்குள் பாறை வெளிச்சமாக, கிட்டத்தட்டப் பால் கலந்தது போல் தெரிந்தது. ஏழு, இன்னும் வெளிச்சம். ஆறு. ஐந்தாவது துளைக்கு வந்தபோது துளையின் விளிம்பே காணாமல் போய்விட்டது. கையை இறக்கினேன், மறுபடியும் கருப்புப் பாறை. தூக்கினேன், ஐந்து. பின்னால் வானம் அவ்வளவு பிரகாசமாக இருந்ததால் கண் பாறையைக் கருப்பாக்கிக் கொண்டிருந்தது. பக்கத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா, "என்னப்பா ஜோசியம் பார்க்கறியா?" என்று கேட்டார். அவரிடமும் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் ஐந்துதான்.

அன்று கோபால்ட் நீலமும் லைட் ரெட்டும் கலந்து, ஐந்தாம் படிக்குத் தண்ணீர் சேர்த்து, ஒரே வாஷில் பாறையை இறக்கினேன். ஓரத்தை மட்டும் ஈர வானத்தோடு கொஞ்சம் கரைய விட்டேன். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் அன்று பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை. நோட்டு 2, பக்கம் 53. கீழே மூன்று வரிக்கு இடம் இருந்தும் ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்: "பாறை உட்கார்ந்தது."

கெட்டுப்போனவையும் உண்டு. முதல் மழைக்காலத்தில் கெட்டியாகப் பூசிய பக்கங்கள் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டன. நிறத்தில் இருக்கும் வேலம்பிசின் ஈரத்தில் இளகிவிடுகிறது. பிரித்தபோது மூன்று பக்கக் கலவைகள் தோலோடு உரிந்தன. இப்போது இடையில் பட்டர் பேப்பர் வைக்கிறேன். எஃகு பீரோவில் வைத்த நோட்டில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன, பூஞ்சைதான். நோட்டை விசிறிபோல் விரித்து நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, காய்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, அதன்பின் திறந்த அலமாரிக்கு மாற்றினேன். தஞ்சை சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், லவங்கம், பட்டை, மிளகு, கற்பூரம் இடித்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். என் அலமாரியிலும் அப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. பூச்சி அண்டவில்லை. ஈரத்துக்கு அது போதாது, அதற்குக் காற்றோட்டம் வேண்டும்.

இப்போது வைகாசி. ஆறு முழுக்க மணல், நடுவில் ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர். மணலுக்கு ஓக்கரோடு துளி பி.வி.19 போதும் என்று நோட்டு 3-இன் 20-ஆம் பக்கம் சொல்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு. திறந்தால் சில நாளில் முக்கொம்பு வழியாக இங்கே நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் வரும். அந்தச் செம்பழுப்பை இதுவரை நான் பிடித்ததில்லை, போன வருடம் அந்த வாரம் ஊரில் இல்லை. 24-ஆம் பக்கத்தில் கட்டம் போட்டு, திசையை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். தேதியும் மணியும் காலியாக இருக்கின்றன.